நல்லினியின் சொல்லை இடைமறித்த பிழை குறித்துத் தழைமலை வேந்தர்க்கு

தழைமலை வளம் குன்றாதிருக்க! அதன் சுனைகள் கோடையிலும் ஊறுக! மலைநாடாளும் பெருவேள் மாறோக்கனாரின் திருமுன், கழிமுக நாட்டரசி ஆதிரைமாதேவியாரின் ஆணைப்படி அமைச்சர் கீரங்கிழார் நாணித் தலைகுனிந்து விடுக்கும் ஓலை.

தாங்கள் அன்புடன் அனுப்பிய உயிர்நூற் சுவடிகள் எம் நெய்தலூர்க் கல்விச்சாலையின் மேல்வகுப்பைச் சேர்ந்தன. ஒரு பாடத்தை நான்காய்ப் பகுத்து, நால்வர் ஆளுக்கொரு பகுதி கற்று, மற்ற மூவர்க்கும் கற்பித்தாலன்றிப் பாடம் நிறைவுறாதபடி அவை யாக்கப்பட்டமை கண்டு யாவரும் மகிழ்ந்தனர்; ஆசிரியர் பொழிலனார் ஒருவரே அஞ்சினார். குருதியோட்டப் பாடத்தில் இதயப் பகுதி, திக்கிப் பேசும் நல்லினிக்கு வாய்த்திருந்தது. தங்கள் தூதர் எழினியார் வகுப்பைக் காண வந்த அன்று, நாட்டின் மானம் இவள் நாவில் தடுக்கி விழுமே என்று கலங்கிய ஆசிரியர், அவளைத் தண்ணீர் கொணர வெளியே அனுப்பிவிட்டார்.

நுரையீரலில் தூய்மையுற்ற குருதி எங்குச் செல்லும் எனத் தூதர் வினவினார். விடையறிந்தும் அவளோடு பாடம் பகிர்ந்த மூவரும் வாய் திறவாது நின்றனர். அது நல்லினியின் பங்கு என்றும், அவள் வந்து சொல்வதே முறை என்றும் அவர்களுள் தித்தன் என்பான் பணிவுடன் கூறினான். தூதர் அவளை அழைப்பித்தார். ஈரக்கையுடன் வந்து நின்றவள், "இ... இட..." எனத் தொடங்கினாள். பொறுக்கமாட்டாத பொழிலனார், "இடப்புற மேலறை" என்று தாமே முடித்துவிட்டார். அவள் வாய் மூடிக்கொண்டாள். ஆசிரியர் சற்றுக் காத்திருக்கலாகாதா, தாம் மூவரும் நாள்தோறும் காத்திருக்கிறோமே என்று தித்தன் கேட்டபோது, பல்லாண்டு கற்பித்தவர் முகம் மறைக்க இடமின்றிக் குன்றி நின்றார்.

பணி துறக்க வேண்டி அவர் அரசியாரின் அடிபணிந்தார். விலகிப் போதல் எளிது, இருந்து கேட்பதே கடன் என்று அரசியார் மறுத்தருளினார். நல்லினியிடம் ஆசிரியர் பிழை பொறுக்க வேண்டினார். அவள் தலையசைத்தாள், பேசவில்லை. இன்றும் அவர் வாயிலுக்கு வெளியே நிற்கையில் அவள் பாடம் சொல்லும் குரல் கேட்கிறது. உள்ளே அடிவைத்தால் நின்றுவிடுகிறது.

ஆதலின், அரசியார் திருவாய்மொழியாகச் சுறா இலச்சினை பொறித்து இட்ட ஆணை: ஒருவர் தொடங்கிய சொல்லை மற்றொருவர், அரசியாரே ஆயினும், இச்சாலையில் முடித்தல் ஆகாது. தங்கள் தூதர் மீண்டும் எழுந்தருள வேண்டுகிறோம். அந்நாள் எதுவென யாம் குறிக்கத் துணியவில்லை. அதை நல்லினி சொல்வாள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.