டபுள் பாஸுக்கு எழுதாதது

மார்ச் 4

அன்புள்ள நெட்டை,

உடம்பு எப்படி? மகள் கூப்பிட்டாள் என்று போனவன் இரண்டு வருடமாக ஒரு வரி போடவில்லை. கோபம்தான். ஆனால் இப்போது காரியம் ஆக வேண்டியிருக்கிறது, காலைப் பிடிக்கிறேன்.

நம் நாலு பேருக்காக நான் போட்ட பதினொரு ஜாஸ் மெட்டுகளையும் பதிவு செய்யக் கேட்டிருக்கிறார்கள். உன் இடத்தில் அந்த ஆளுயர டபுள் பாஸை நிறுத்தித் தந்தி மீட்ட ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. "சார், என் தாள்ல ஒண்ணுமே இல்லையே" என்கிறாள். என் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் டிரம்ஸுக்கும் ஒரு ஸ்வரம் விடாமல் எழுதுவேன், பாஸ் தாளில் மட்டும் உன் பெயரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவேனே. நீ வாசித்ததை எழுதி அனுப்பு.

உன்,
கட்டை

மார்ச் 19

அன்புள்ள கட்டை,

பதினொன்றும் இத்துடன் இருக்கின்றன. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதல் பத்தியைப் படித்ததும் என்னைக் கூப்பிடுகிறாய் என்றே நினைத்துவிட்டேன். பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கச் சொன்னேன். "எங்கப்பா கிளம்புறீங்க?" என்றாள் மகள். அதற்குள் மீதியையும் படித்துவிட்டேன். தூசி தட்டத்தான் என்று சமாளித்தேன்.

இங்கே எல்லோரும் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரை எனக்குப் பேச்சுத்துணை ஃபிரிட்ஜ்தான், அதுவும் ஒரே சுருதியில் முனகும். உன் மெட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். அந்தச் சில நாட்கள் நன்றாக இருந்தன.

நெட்டை

ஏப்ரல் 8

என் நெட்டைக்கு,

தப்பு என்மேல்தான். நீ மாட்டேன் என்றுவிடுவாயோ என்ற பயத்தில் கூப்பிட வாய் வரவில்லை.

பத்து மெட்டுகள் சரியாக அமைந்துவிட்டன. அந்த மெதுவான மெட்டு மட்டும் நடுவில் சரிந்துபோகிறது. அந்தப் பெண் நீ எழுதியதை எழுதியபடியே வாசிக்கிறாள், அப்படியும் தடுமாறுகிறாள். நேற்றுக் கத்திவிட்டேன், அழுதுவிட்டாள். நீயே வந்து வாசி. இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, நாம் வழக்கமாகக் கூடும் அதே மாடியில் ஒத்திகை.

புதிதாக எழுதினால் வாசித்துக் காட்ட எனக்கு ஆளில்லை. வந்துவிடு.

கட்டை

ஏப்ரல் 24

அன்புள்ள கட்டை,

வந்தேன். மாடிப்படியில், கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே வர மனம் துணியவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தடுமாறுவது அவளில்லை, நீ. அந்த மெட்டில் உன் பியானோ ஓய்ந்ததும் நான் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் நுழைவேன். சோம்பேறித்தனம், வேறென்ன? எழுதும்போது அதைத் திருத்திவிட்டேன். அவள் நேரத்துக்கு வருகிறாள். நீதான் இன்னமும் அந்த இடத்தில் நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய்.

அதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என்னை யாரும் தேடவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

மகள் கூப்பிட்டாள் என்று சொன்னது பொய். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. சொன்னால் நீ மெட்டுப் போடுவதையே விட்டுவிடுவாய் என்று பயந்து, நானாகத்தான் அவளிடம் வந்து சேர்ந்தேன். இனி என்னால் வாசிக்க முடியாது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள். அந்த இடத்தில் நிற்காதே, வாசித்துக்கொண்டே போ.

நெட்டை