சாவி கொடுக்க வந்தவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். என் முட்டிவலி போகவில்லை, சாவிக்கடையில் நின்றால் வலிக்கிறது, உட்கார்ந்தால் நான் தூங்குவதாக நினைத்து வருகிறவர்கள் திரும்பிவிடுகிறார்கள். அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நீ மிரட்டியது வேலை செய்கிறது. இதைப் போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பியை மோதிக் கொன்ற லாரிக்காரனைப் பற்றியது. கோர்ட்டில் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள் என்று கொதித்துப்போய், அவனை மன்னிக்கிறவர்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. ஆகவே முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

தம்பி மேஜைமேல் இருக்கும் அலாரம் கடிகாரம் உனக்கு நினைவிருக்கும், ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு வாரம் ஓடும். அவன் போனபிறகும் அது நிற்கவே இல்லை. அம்மா சாவி கொடுக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன், நான்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அது வெளியே வந்தது, இரண்டு பேரும் சோற்றில் கை வைத்தபடி அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அம்மா அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க ஆரம்பித்தாள். திரும்பி வந்தால் டம்ளர் காலி, விரிப்பில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். அவள் முகமெல்லாம் பூரித்துப்போய், "குடிச்சிட்டான்" என்று என் காதில் சொல்வாள். வெயிலுக்குக் காய்ந்திருக்கும் என்று நான் சொல்வேன், சொல்லும்போதே என் முதுகு சில்லிட்டுப்போகும். சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் மன்னிப்பு வரி வரும்போது எனக்கு இருமல் வந்துவிடும், அது உனக்கே தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, திரும்பி வந்தால் வாசல் பூட்டுக்குள் பாதி சாவி உடைந்து கிடக்கிறது. சாவிக்காரன் தன் வீட்டு வாசலிலேயே நின்று பூட்டோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே எடுத்த துண்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாவது பல்லை அரத்தால் நான் கூடுதலாக ராவிக் கெடுத்த சாவி அது, அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். தம்பியின் சாவி. விபத்தன்று காணாமல் போனது. நம் வீட்டில் உள்ளே வந்ததும் அவரவர் சாவியை அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும், ஆணி காலி என்றால் ஆள் வெளியே என்று அர்த்தம், அம்மா போட்ட சட்டம். அவன் ஆணி அன்றிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் நான் துண்டைக் காட்டவில்லை.

மறுநாள் கடைக்கு ஓர் ஆள் வந்தார், சாவியின் தலைப்பாதியைப் பலகைமேல் வைத்தார். லாரிக்காரர். 'அவர்' என்று எழுதுவதைக் கவனித்திருப்பாய், பல்லைக் கடிக்காதே. என் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று கத்தினேன், அரம் கையில் இருந்தது, ஓங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அசையவில்லை. "சாவி குடுக்கத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார். கடிகாரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன், மேலும் கோபம் வந்தது. தண்ணீரை ஏன் குடித்தாய் என்று கேட்டேன். "அம்மா எனக்குன்னு வச்சாங்கன்னு நெனச்சேன், மன்னிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லும்போது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன், அவளிடமே சொல்லட்டும் என்று.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் புள்ள ஒரு நாளும் வரலையா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவள் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. கடிகாரம் நின்றது. சத்தம் இருந்தபோது பயந்த நான் சத்தம் இல்லாதபோது அதைவிடப் பயந்தேன், தம்பியை இரண்டாவது தடவை புதைத்தது போல இருந்தது வீடு. போதகர் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார், நல்ல மனுஷன், பாவம், அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

போன ஞாயிறு அவளே, "அவர வரச் சொல்லுங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள். வந்தவரிடம், "கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதானே, என் புள்ள ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள். நீயும் நானும் கேட்கப் பயந்த கேள்வி. விபத்தன்று தலைவலி என்று சர்ச்சுக்கு வராமல் என் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போனானே, ரோட்டில் கிடந்தபடி இந்தச் சாவியை அவர் கையில் வைத்து, "அம்மா சர்ச்சுல இருந்து வர்றதுக்குள்ள ஆணியில மாட்டிடுங்க, பாத்தா திட்டுவாங்க" என்றானாம். இதுதான் அவர் கொடுக்க வந்த சாவி. அன்றைக்குப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஜாமீனில் வந்ததிலிருந்து நாம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார், ஆணிவரைக்கும் போவார், மாட்டக் கை வராதாம். மாட்டிவிட்டால் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று பொய் சொன்னதாகிவிடுமே என்று, அந்த அறையில் உட்கார்ந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போவாராம்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நான் நடுவில் போனேன். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். "நான் இன்னும் சர்ச்சுல இருந்து வரல. சீக்கிரம் மாட்டிடுப்பா" என்றாள்.

அந்தத் தலைப்பாதியை அவர் ஆணியில் மாட்டினார். அந்தச் சின்னச் சத்தம் கேட்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

உன்னை மன்னி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, எனக்கே இன்னும் இருமல் வருகிறது. வீட்டுப் பக்கம் வா என்று மட்டும் கேட்கிறேன். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், குட்டிக்கு என் முத்தங்கள். அம்மாவுக்குப் போன் பண்ணு, அவளே சொல்லும்வரை ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா