சிரித்துக்கொண்டே உன்னைக் குத்தியவன்

மாப்ளே,

இன்று காலை நான் பல் துலக்குவதற்கு முன்பே கைப்பேசியில் என் முகம் வந்து இறங்கியது. தலையில் கவசம், கையில் ஈட்டி, உதட்டில் ஒரு சிரிப்பு. கீழே "இனிய காலை வணக்கம்". அனுப்பியவன் வேறு யாருமில்லை, என் சொந்தச் சகலை. அந்த மூன்று நொடிப் படத்தில் நான் ஈட்டியை ஓங்குகிறேன், சிரிக்கிறேன், குத்துகிறேன், மறுபடி ஓங்குகிறேன். நிறுத்த வழியே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் தண்ணீரைக் காய்ச்சியிருந்தால், நம் அனல் மின்நிலையம் ஒரு வாரம் நிலக்கரி இல்லாமலே ஓடியிருக்கும்.

நீ போன பிறகு நடந்த அக்கிரமம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

வடக்குத்து ஊருக்கு வெளியே அந்த முந்திரித் தோப்பில் நாம் சினிமாவில் நடித்தோமே! நீ மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் வந்தாய். நான், ரிட்டயர்டு ஸ்டோர் கிளார்க், குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு எந்தச் சாம்ராஜ்யத்தைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவன், உன் பின்னால் வந்தேன். ராஜா காலத்துப் போர் என்றார்கள். லட்சம் வீரர்கள் என்றார்கள். அங்கே நின்ற கூட்டத்தை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

"மீதிப் பேரு எங்கங்க?" என்றாய் நீ.

"கம்ப்யூட்டர்ல இருக்காங்க" என்றான் கடுக்கன் போட்ட ஒரு தம்பி.

"அப்ப அவங்க பங்கு பிரியாணியயும் எங்களுக்கே போட்டுடுங்க."

பச்சைத் துணிக்கு முன்னால் ஒவ்வொருவராக நிறுத்தி, சுற்றிலும் கேமரா வைத்துப் பிடித்தார்கள். உன்னைச் செத்து விழச் சொன்னார்கள், விழுந்தாய். என்னிடம் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து வெறும் காற்றைக் குத்தச் சொன்னார்கள், குத்தினேன். உன் வேலை முடிந்த பிறகுதான் என் வேலை. நாம் எதிரெதிராக நிற்கவே இல்லை. இதற்கு நீதான் சாட்சி, அந்தச் சாட்சியோ போன ஆடி மாதம், ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதே சாய்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் படம் வந்தது. தியேட்டருக்கு வந்திருந்தால் திரையைக் கிழித்திருப்பேன். வந்ததோ ஆளாளுக்குக் கைப்பேசியில், எத்தனையோ மொழியில், உலகம் முழுக்க ஒரே நேரத்தில். எத்தனை கைப்பேசியைப் போய்க் கிழிப்பேன்? உன் வீட்டுக்காரி செல்வி, நீ நடமாடுவதை இன்னொரு முறை பார்க்கலாம் என்று, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி டிவியில் போடச் சொன்னாள். நானும் போய் முன்வரிசையில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வந்தாய் மாப்ளே. ஒரு ஆளாக இல்லை, ஒரு படையாக! நின்றவன் நீ, ஓடியவன் நீ, கொடி பிடித்தவன் நீ. ஒன்றை நூறாக்கிப் பேசுவதில் இந்த ஜில்லாவுக்கே நான்தான் சக்கரவர்த்தி என்று இருந்தேன். ஆனால் என் புளுகில் யாரும் செத்ததில்லை. "அதோ! அதோ!" என்று எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்படையிலிருந்து நான் வந்தேன். என் மூங்கில் கழிக்கு இரும்பு முனை முளைத்திருந்தது. நேரே வந்து உன் நெஞ்சில் இறக்கினேன். சிரித்துக்கொண்டே இறக்கினேன்.

கைதட்டல் நின்றது. செல்வி எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளே அந்த மூன்று நொடியை நறுக்கி "சிரிக்கும் எமன்" என்று பெயர் வைத்து விளம்பரமாக விட்டார்கள். அதேபோல் சிரித்து வீடியோ போடுகிறவர்களுக்குப் பரிசாம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பையன்கள் ஒருத்தனையொருத்தன் குடையால் குத்திச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் செல்ஃபி கேட்கிறார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற பையன் எடுத்தான்.

"அங்கிள்! நீங்க செம வைரல் அங்கிள்!"

"தம்பி, நான் அவரைக் குத்துறத மட்டும் எடுத்துடுப்பா. அவரு வீட்ல அழுவுறாங்க."

"எவரை அங்கிள்?"

"நான் குத்துற ஆளை."

"அது ஆளு இல்ல அங்கிள், அசெட். உங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, ஒரு பொம்மை."

"அப்ப நான்?"

"நீங்களும் அசெட்தான் அங்கிள். அடுத்த பார்ட்லயும் ரெண்டு பேரும் இருக்கீங்க!"

போனை வைத்துவிட்டு நான் திட்டிய திட்டில் சேத்தியாத்தோப்பு வரைக்கும் நெல் வயல் கருகியிருக்கும். உன்னை இன்னும் எத்தனை முறை சாகடிப்பார்களோ, அதில் எத்தனை முறை என் கையாலோ!

அதெல்லாம்கூடப் போகட்டும். உன் வீட்டுக்குப் போனால் காபி வரும், செல்வி வரமாட்டாள். மருமகள்தான் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "தங்கச்சி, நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அது பொம்மைன்னு எனக்குத் தெரியும்ண்ணே. ஆனா சிரிச்சிகினே குத்துறீங்களே. அந்த சிரிப்பு உங்க சிரிப்புதான. பொம்மைக்கு அது எங்கருந்து வந்துச்சு?"

சரியான கேள்வி. அந்தப் படத்தில் நிஜமானது அது ஒன்றுதான்.

சொன்னேன். கண்ணில் கொலைவெறி காட்டச் சொல்லி அந்தக் கடுக்கன் தம்பி கத்தியதையும், நான் விழியை உருட்டியதையும், அதே நேரம் கேமராவுக்குப் பின்னால் நீ வந்து நின்றதையும் சொன்னேன். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து, அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டு வாய் வெந்துபோன ஆடு மாதிரி நீ மூஞ்சியைக் காட்டினாய். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. அதோடுதான் காற்றைக் குத்தினேன். உன்னைப் பார்த்துத்தான் சிரித்தேன், உன்னைக் குத்திச் சிரிக்கவில்லை.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. செல்வி வாசல்படிக்கு வந்தாள்.

"எப்படி காட்னாரு?"

பேரன் பேத்தி எடுத்த நான், நடுவீட்டில் நின்று, மேலுதட்டை ஒரு பக்கம் தூக்கி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடினேன். அவள் சிரிக்கவில்லை. தையற்காரன் அளவு பார்க்கிற மாதிரி என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"கீழ் உதடு இன்னும் கொஞ்சம் எடது பக்கமா போவும்ண்ணே" என்றாள். "எங்கிட்ட சண்ட போட்டா, சமாதானத்துக்கு அதத்தான் செய்வாரு."

இழுத்தேன்.

"இன்னும்."

தாடை கழன்று தரையில் விழும் அளவுக்கு இழுத்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது காபியை அவளே கொண்டுவருகிறாள். வழக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை மாப்ளே, கீழுதடு சரியாக வரவில்லை என்கிறாள். தினமும் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்.