பனை நிழலில் நின்றவள்

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் என் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா முடிந்து வந்தாள். வாசலில் நின்று பாவாடையை உதறினாள். படி முழுக்க வெள்ளை மணல். பாதி காய்ந்த துணியிலிருந்து உப்பு வாடை. காரியாபட்டியில் அந்த வாடைக்கு வேலையே இல்லை. இங்கே காற்றடித்தால் புழுதி வரும், இல்லாவிட்டால் மார்க்கெட்டிலிருந்து அழுகின தக்காளி வாடை வரும். "எந்தக் கடலுக்குடி கூட்டிட்டுப் போனாக?" என்று கேட்டேன். "மணப்பாடும்மா. மணல் மேட்டுலருந்து உருண்டோம்" என்றாள். விளக்குமாறு எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. எழுதினாலும் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனித் திருத்த ஆளில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்களை நினைவிருக்கிறதா? கேசரியையும் மிக்சரையும் தின்றுவிட்டு, "போயி லெட்டர் போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா இரண்டு மாதம் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதாக வந்தவர்கள் உன்னை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், போன பிறகு நிறம் மட்டு என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நீ காப்பித் தட்டைக் கொல்லையில் வீசிய சத்தம் நம் பாளையம்பட்டி முழுக்கக் கேட்டிருக்கும்.

"இனிமே எவன் முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். நான் என்ன சந்தையில கட்டுன மாடா?"

அப்பா இருந்திருந்தால் உன் பக்கம் பேசியிருப்பார். அவர் இல்லாத வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அவள்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். பெண்ணுக்கே தெரியாமல் பெண்ணைக் காட்டுவது. நம் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை. நற்செய்திக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில்கூடத் தற்செயலாகப் பார்த்ததுபோல் இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டு நிற்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் கலைந்துவிடலாம், பெண்ணுக்கு அவமானமில்லை என்பார்கள். மாப்பிள்ளைக்குக் காரியாபட்டியில் கவர்மெண்டு வேலை, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கிறிஸ்துமஸ் லீவில் அவர்களும் மணப்பாட்டுக் கடற்கரைக்கு வருவதாக ஏற்பாடு.

உனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கடல் பார்க்கப் போகிறோம்.

இருபத்தைந்து வயதுவரை கடலைப் பார்க்காமல், திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நீ. "அலை எம்புட்டு ஒசரம் வரும் டீச்சர்னு பிள்ளைக கேக்குது. நானும் தலைக்கு மேல கையத் தூக்கிக் காட்டுறேன். மெய்யா பொய்யான்னு எனக்கே தெரியாதுடி" என்று சிரிப்பாய். அந்த வாரம் முழுக்க நீ தரையில் கால் பாவாமல் அலைந்தாய். என்னிடம் அம்மா சொன்னது வேறு. "அவள வெயில்ல நிக்க விடாத, கறுத்துப்போவா. தண்ணிப் பக்கம் போகாமப் பாத்துக்க. அவுக வர்ற நேரத்துக்குத் தலைய வாரி விட்டுரு. வாயத் தொறந்த, தொலைச்சிருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கென்று அம்மா அரக்கு நிறத்தில் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்து வைத்திருந்தாள். விடியற்காலையில் நீ அதை என் கையில் திணித்தாய். "கடல்ல நனையப் போறதுக்கு எதுக்குடி நல்ல சேலை? நீ கட்டிக்க. நீதான் தண்ணியக் கண்டா ஓடுற ஆளு." நீ பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டு வேனில் முதல் ஆளாக ஏறினாய். அம்மா பல்லைக் கடித்தாள். காரணம் சொல்லாமல் உன்னை எப்படி மாற்றச் சொல்லுவாள்?

அந்த மணல் குன்றுகளை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். நம் ஊரில் மண் என்றால் வெடித்துக் கிடக்கும், செருப்பில் அப்பும். அங்கே மண் பனைமர உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. முன்னால் ஏறியவர்களின் காலடியைக் காற்று உடனுக்குடன் அழித்துக்கொண்டிருந்தது. உச்சியில் ஏறி நின்றோம். அந்தப் பக்கம் கடல். அலை ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, ஒரு முனையில் முறியத் தொடங்கி மறுமுனைவரை வெள்ளையாகச் சரிந்துகொண்டே போனது. நீ மெதுவாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அளவு பார்த்தாய். "பொய் சொல்லலடி" என்றாய். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாய்.

நான் உன்னைத் தடுத்திருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். வரும் வழியில் ஒரு டீக்கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்திருந்தேன். அந்த அரக்குச் சேலையில் நான் நன்றாக இருந்தேன். நீ தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே பனைமர நிழலுக்கு நடந்து போனேன்.

மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் கட்டுமரத்திலிருந்து கழன்ற பலகையில் குப்புறப் படுத்து, அலையோடு கரைவரை வழுக்கி வந்துகொண்டிருந்தார்கள். நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாய். தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவளுக்குத் தண்ணீரில் என்ன பயம்? "அக்கா, அலை முறியும்போது எந்திரிக்காதீங்க, படுத்தமானிக்கே வாங்க" என்று ஒருத்தி கத்தினாள். முதல் தடவை உன்னை அலை புரட்டிப் போட்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே மறுபடியும் பலகையை வாங்கினாய். அடுத்த அலையில் நேராகக் கரைக்கு வந்தாய். நீ போட்ட கூச்சல் பனைமரம்வரை கேட்டது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்ததே உன்னைத்தான். "யாரு அது, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஆம்பளப் பய மாதிரி? உங்க கூட வந்த பொண்ணா?"

அம்மா கடல் பக்கம் திரும்பினாள். உன்னை நன்றாகவே பார்த்தாள். "தெரியலயே மதினி. இந்த ஊருப் பிள்ளைகளா இருக்கும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இல்லடி?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. "டீச்சர் பொண்ணு வரலையா?" என்று அவர்கள் கேட்டதற்கு, அம்மா வாய் கூசாமல், உனக்கு உடம்பு சரியில்லை, இப்போது கல்யாணமும் வேண்டாம் என்கிறாள் என்றாள். "இவ இளையவ. வீட்டு வேலை எல்லாம் பாப்பா. நிழல விட்டு நகர மாட்டா." மாப்பிள்ளை அதற்குள் கால் நனைக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் தன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அந்தம்மா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என் எதிரில் வந்து நின்றார். கிளம்பும்போது அந்தம்மா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் கொண்டையில் வைத்தாள். அவர்கள் மறையும்வரை அத்தை போய் உன்னைக் கரையிலேயே பேச்சுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தாள்.

வேனில் நீ என் பக்கத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாய். எட்டயபுரம் தாண்டும்போது என் தலையைப் பார்த்தாய். "ஏண்டி, இந்தப் பூ ஏது?"

"என்னையப் பாக்க வந்தாகக்கா" என்றேன்.

நீ ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம். நீ சிரித்து, ஈரக் கையால் என் கன்னத்தைக் கிள்ளி, "கள்ளி, எங்கிட்டச் சொல்லவே இல்லயே. நல்லாருக்காரா?" என்றாய். முன் சீட்டில் அம்மாவின் கழுத்து ஆடவே இல்லை.

மூத்தவள் இருக்க இளையவளைக் கட்டிக்கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? மூத்ததில் ஏதோ கோளாறு என்றார்கள். கோயிலில் உன் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் பிறகு முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அதற்கப்புறம் ஒருவரும் உன்னைப் பார்க்க வரவில்லை. நீ பன்னிரண்டு வருஷம் திருச்சுழி பஸ்ஸில் போய் வந்தாய். அம்மா படுத்த படுக்கையானதும், "கைப்பிள்ளைக்காரி நீ எங்க வந்து பாப்ப?" என்று என்னை அனுப்பிவிட்டு நீயே பார்த்தாய். உன்னைத் தெரியாது என்று சொன்ன வாய்க்கு நீ கஞ்சி ஊட்டினாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா மேல் எனக்கு ஆத்திரம் வரும். என் மேல் வர வேண்டியதையும் சேர்த்து அவள் மேல் போட்டுக்கொள்வேன். செத்த பிறகும் அவளை நான் மன்னிக்கவில்லை.

மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, ஒரு மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "மணப்பாட்டுக்குப் போனோமே, அந்த ஒரு நாள்தான்டி எவனும் என்னையப் பாக்க வரல. நெறம், நடை, குரலுன்னு எவனும் பாக்கல. அம்புட்டு நிம்மதி." உன் கை என் கைக்குள் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சாகப்போகிறவளிடமிருந்து அந்த ஒரு நாளையும் பிடுங்குவதா என்று விழுங்கிவிட்டேன். அது இரக்கமா, கோழைத்தனமா? எனக்குத் தெரியும், அக்கா. நீயும் இந்நேரம் ஊகித்திருப்பாய்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மகள் அப்பாவிடம் கடல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பலகையில் வழுக்கி வரும் பிள்ளைகளைப் பார்த்தாளாம். இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நானும் பாத்திருக்கேன் பாப்பா. ஒரு பொண்ணு பலகையோட நேரா என் காலு மேலயே வந்துச்சு. 'கால எடுங்க சார்'னு ஒரு சத்தம். எந்திரிச்சு நின்னு அப்பிடி ஒரு சிரிப்பு. தலையெல்லாம் மண்ணு."

"யாருப்பா அது?"

"உங்க பெரியம்மா. அப்ப எனக்குத் தெரியாது. எங்கம்மாட்டப் போயி, இந்தப் பொண்ணத்தான் பாக்க வந்தோமா, எனக்குச் சம்மதம்னு சொன்னேன். இல்லடா, அது இந்த ஊருப் பிள்ளையாம்னாக. கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல பாத்ததும் திக்குன்னுச்சு. பெறகு என்னத்தப் பேச?"

பதின்மூன்று வருஷப் பழைய கதை, ஆளும் உயிரோடு இல்லை, இனிச் சொன்னால் என்ன என்று நினைத்திருப்பார். நல்ல மனுஷன்தான். என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, பெயர் சொல்லி ஆசையாகக் கூப்பிட்டதும் இல்லை. ஏன் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

என் மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க எங்கம்மா இருந்தீக?"

"நிழல்ல" என்றேன்.

காலையில் படியைக் கூட்டினேன். எத்தனை தடவை கூட்டினாலும் இடுக்கில் மணல் கொஞ்சம் தங்கிவிடுகிறது. இன்றுவரை நான் கடலில் கால் நனைத்ததில்லை. உன் அரக்குச் சேலை என் பெட்டியில் அன்று மடித்த மடிப்போடு இருக்கிறது, அதில் ஒரு துளி உப்புக் கறை கிடையாது. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விழுங்கியதை இப்போது சொல்கிறேன். திருத்த முடிந்தால் திருத்திக்கொள்.

அன்றைக்கு உன்னைத்தான் பார்க்க வந்தார்கள், அக்கா. பார்த்தவருக்கும் உன்னைத்தான் பிடித்திருந்தது.