அப்பாவின் இரத்தமும் அவர் வீட்டுப் பெருமையும்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
14-10-1978

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் நலம், உன் அப்பாவும் இப்போது நலம், அந்த ‘இப்போது’ எதற்கு என்று பதறாமல் கடைசிவரை படி. லுசாகாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் வடிவேலும் சுகமாயிருக்க முருகன் துணையிருப்பான்.

போன மாதம் அப்பாவுக்கு டைஃபாய்டு. ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்து, சிறுநீர் காபி டிகாஷன் மாதிரி கறுத்திருக்கிறது, மனிதர் இரண்டு நாள் அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. காமாலை என்று வடையை நிறுத்திவிடுவேனாம், கஞ்சியே இறங்காதவருக்கு வடைக் கவலை! அப்புறம் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அங்கே ஒரு பஞ்சாபி டாக்டரம்மா விளக்கினார், கடுமையான காய்ச்சலில் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்கு அடி விழுமாம், அவற்றைக் காக்கும் சத்து ஒன்று இவருக்குப் பிறவியிலேயே குறைச்சலாம், அதனால் தாங்காமல் உடைந்து அந்த நிறம்தான் சிறுநீரில் இறங்கியதாம். அதோடு விட்டாரா, ‘யே ஆப்கோ மா ஸே மிலா ஹை’ என்றார், அதாவது இது உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது என்று. படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உனக்குத் தெரியாததா, உன் மூக்குக் கண்ணாடி, உன் அண்ணன் கணக்கில் வாங்கிய முட்டை எல்லாம் என் பிறந்த வீட்டுச் சீர், கெட்டிக்காரத்தனம் மட்டும் அவர் வீட்டுடையது, முப்பது வருஷமாய்க் கேட்டு என் காது புளித்துவிட்டது. தன் தாயின் இரத்தத்தில் குறையா என்று ஹிந்தியில் ஆரம்பித்து இங்கிலீஷில் ஏறித் தமிழில் மூச்சு வாங்கி முடித்தார். மறுபடி பரிசோதித்தும் அதே முடிவுதான். நான் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் போய்ச் சிரித்தேன், அத்தனை நாள் அழுதவள்தானே. இது மட்டும் பொன்னிக்கு எழுதக்கூடாது, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உத்தரவு வேறு போட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அப்பாவிடமிருந்து மகனுக்கு வராதாம், மகளுக்குக் கட்டாயம் வருமாம், அவளைப் பெரும்பாலும் படுத்தாதாம், ஆனால் அவள் பெறும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வரலாமாம். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கடுங்காய்ச்சலும் ஆகாது, மலேரியா மாத்திரைகளில் சிலதும் ஆகாதாம், உங்கள் ஊரிலோ மலேரியா சர்வசாதாரணம். வீட்டுக்குள் வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். ‘எங்க வீட்டு ரத்தந்தான்னு எழுது அம்சா. யாரு என்ன வேணா நெனச்சுக்கட்டும், மொதல்ல கொழந்தைக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லு’ என்றார்.

ஆகவே கண்ணு, வடிவேலின் இரத்தத்தை உடனே பார்த்துவிடு. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்காமல் இருந்துவிடாதே, இத்துடன் உள்ள சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக் கொடு. குறையின் பெயரை அப்பா கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் ‘என் வழியாக வந்தது’ என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் வாழுங்கள்.

அன்புடன் உன் அம்மா,
அம்சவேணி இராஜமாணிக்கம்