வேர்க்காத இடம்

ஆவணி 12, வியாழன்

மூன்று மாதம் வெளியே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

குதிரைகளின் தசைப்பிடிப்பைக் கையாலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது என் தொழில். செங்கம் சாலையில் சவாரிப் பண்ணை வைத்திருக்கும் பாபு, தன் பெண்குதிரை மல்லி கடிக்கிறாள் என்று இன்று கூப்பிட்டான். சவாரி முடித்து வந்தவளை நடக்கவிட்டுப் பார்த்தேன். இடது பின்காலை எட்டி வைக்கவில்லை. கழுத்திலிருந்து முதுகுக்கு உள்ளங்கையைக் கொண்டுபோனேன். சேணம் உட்காரும் இடத்தை நெருங்கியதுமே காதுகள் பின்னால் மடிந்தன, தோல் துடித்தது. உடம்பெல்லாம் வேர்வை. அங்கே மட்டும் கையகலத்துக்குக் காய்ந்திருந்தது.

“பாத்தீங்களா சார், புதுச் சேணம் எவ்ளோ சொகுசா குந்துது? அங்க வேர்வையே இல்ல.”

“அழுத்தம் ஜாஸ்தியானாதான்பா வேர்க்காது. உள்ள சதை நசுங்குது. மூணு மாசம் முன்ன இதை வாங்கினப்பவே பொருந்தாதுன்னு சொன்னேன். ஒரு மாசம் யாரையும் ஏத்தாத.”

“நீங்க தடவி விட்டுட்டுப் போங்க சார். கடிச்சா வாய்க்கூடு மாட்டிடறேன். உங்க வாய்க்கும் சேத்து ஒண்ணு வாங்கட்டுமா?” அவன் ஆட்களும் சிரித்தார்கள்.

தோளையும் தொடையையும் மெல்ல இளக்கிவிட்டேன். இறுக்கம் விட்டதற்கு அடையாளமாகத் தலையைத் தாழ்த்திக் கொட்டாவி விட்டாள். நான் வண்டியை எடுப்பதற்குள் அதே சேணத்தைக் கட்டி, ஒரு கனத்த ஆளை ஏற்றிவிட்டான். வலி கொஞ்சம் விட்டிருந்ததால் சாதுவாக நின்றாள். என் கை அதற்குத்தான் பயன்பட்டது.

சவாரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் படிக்கும் முகநூல் குழுவில் இதை அப்படியே போடப்போகிறேன். என் பெயரைப் பார்த்தால், சேணம் வாங்கியபோது போட்ட சண்டையை வைத்து, பழைய பகை என்பான். பகை இருக்கிறதுதான். அதனால் என் பெயர் வேண்டாம். அவள் முதுகைப் பற்றி மட்டும் அவன் பதில் சொல்லட்டும்.