இடது கைக்கு நான்கு ஷார்ட்கட்

மார்ச் 3
அக்கா ஷட்டில் ஆடி வலது கையை முறித்துக்கொண்டு பத்து நாள். பதினெட்டாம் தேதி அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. கேட்பவர்கள் கேட்கக் கேட்க, வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கியும் நகர்த்தியும் காட்ட வேண்டும். இடது கையில் மவுஸைப் பிடித்தால் வரைபடம் தள்ளாடுகிறது. சிரித்துவிட்டேன். மாவுக்கட்டாலேயே ஒன்று வைத்தாள்.

மார்ச் 5
அவள் வரைபடம் போடும் நிரல் தொகுப்பு ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். மவுஸைத் தொடாமல் வேலை நடக்க நான்கு ஷார்ட்கட் எழுதி அனுப்பிவிட்டேன்: இசட் தட்டினால் பெரிதாகும், எக்ஸ் சிறிதாக்கும், ஏ இடப்பக்கம் நகர்த்தும், டி வலப்பக்கம். எல்லாம் இடது கைக்கு எட்டும்.

மார்ச் 6
தொகுப்பைப் பராமரிப்பவர் முகம் தெரியாது. ஓயாமல் கேள்வி கேட்பதால் எனக்கு அவர் ‘வாத்தியார்’. இன்றைய கேள்வி: “வேறு மொழி கீபோர்டில் சோதித்தீர்களா?”
என்ன குடைச்சல்! “வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் தட்டுவார்கள்” என்று வெடுக்கென்று பதில் போட்டேன்.

மார்ச் 9
அக்காவின் கணினியில் போட்டுக்கொடுத்துவிட்டு, பெருமையாகப் பக்கத்தில் நின்றேன்.
“என்னடி, அசையவே மாட்டேங்குது?”
“நல்லா அழுத்து.”
“ஒரு கை உடைஞ்சது போதாதா உனக்கு?”
அரைமணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகு பார்த்தால் — அவள் கீபோர்டு தமிழில் இருக்கிறது. ஆய்வேடு தமிழ், வரைபடத்தின் தலைப்பு தமிழ். அவள் இசட்டைத் தட்டினால் என் நிரலுக்குப் போவது ஒரு தமிழ் எழுத்து. அது திருதிருவென்று முழிக்கிறது.
வீட்டில் தமிழ், சண்டை தமிழ், இந்த நாட்குறிப்பும் தமிழ். எனக்கு ஏன் தோணவே இல்ல? வாத்தியார் முகத்தில் எப்படி விழிப்பேன்? நல்லவேளை, முகமே தெரியாது.

மார்ச் 10
மன்னிப்புக் கேட்டேன். எழுத்தைப் பார்க்காமல், கீ எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கும்படி மாற்றினேன். “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்றார். “அக்கா திட்டினாள்.”

மார்ச் 14
வாத்தியார் என் திருத்தத்தைத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்! அக்காவின் மவுஸை ஒளித்துவைத்திருக்கிறேன். பழகட்டும்.

மார்ச் 18
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் இடது கை தட்டியது, வரைபடம் விரிந்தது. தேர்வாளர் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.
வெளியே வந்து, “இனிமே டாக்டர்னு கூப்பிடு” என்றாள். மாட்டேன்.

ஏப்ரல் 22
அக்காவின் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. புதிதாக யாரோ இன்னொரு ஷார்ட்கட் எழுதி அனுப்பியிருக்கிறார். அதைச் சரிபார்க்கும்படி வாத்தியார் என்னிடம் சொன்னார். முதல் வரி எழுதினேன்: “வேறு மொழி கீபோர்டில் சோதித்தீர்களா?”
பின்னால் நின்று படித்த அக்கா, “யாரு, நீ கேக்கறியா?” என்று ஒன்று வைத்தாள். வலது கையால்.